டொலுயீனில் மஞ்சள் ஈரப்பதம் பார்க்கிறேன், தினமும் தலைவலி. என்ன செய்யலாம்?

கோபிக்காரி:

வணக்கமுங்க. எனக்கு ஊர் கோபிப் பக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஏழு மாசமாக ஈரோட்டில் ஒரு சின்ன மசாலா ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற சாம்பிளில் முக்கால்வாசி மஞ்சள்தான். விரலி, கிழங்கு, பொடி எது வந்தாலும் முதலில் கேட்பது ஈரப்பதம். டீன் ஸ்டார்க் முறையில், அதாவது சாம்பிளைக் கொதிக்கவைத்து அதிலிருந்து வரும் தண்ணீரைக் குழாயில் பிடித்து அளக்கிற முறையில் பார்க்கிறோம். 40 கிராம் அரைத்த மஞ்சளைக் குடுவையில் போட்டு, நன்றாக மூழ்கும் அளவுக்கு டொலுயீன் (பெயின்ட் தின்னரில் இருக்கிற கரைப்பான்) ஊற்றி, ஹீட்டிங் மேன்டில் என்கிற மின்சூட்டுக் கிண்ணத்தில் வைத்துக் கொதிக்கவிடுவேன். சீசனில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து சாம்பிள் ஓடும்.

அறை பத்துக்குப் பத்து. இருக்கிற ஒரு ஜன்னலில் ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள். ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஃபியூம் ஹூட் கிடையாது. மதியம் மூன்று மணிக்கு மேல் நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்துவிடும், பஸ் ஏறும்போது கால் கொஞ்சம் தள்ளாடுகிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வருவதில்லை. சேர்ந்த புதிதில் உள்ளே போனாலே பெயின்ட் கடை வாசம் குப்பென்று அடிக்கும். இப்போது வாசமே தெரிவதில்லை. கூட வேலை செய்யும் அண்ணன், "வாசம் பழகின மாதிரி தலைவலியும் பழகிப்போகும்" என்கிறார்.

இந்த வலி டொலுயீனால்தானா? டொலுயீனே வேண்டாம் என்று ஓவனில் 105 டிகிரியில் காயவைத்துப் பார்க்கக் கூடாதா? துணி மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் போடுகிறேன், அது போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனியன் ஊர்:

தங்கச்சி, நான் திருப்பூரில் பிரின்டிங் பட்டறையில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஸ்கிரீன் கழுவுகிற தின்னரில் இந்தச் சரக்குதான் முக்கால் பங்கு. ஆரம்பத்தில் எனக்கும் தலை வலித்தது, அப்புறம் நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் பாலோ மோரோ குடித்துவிடுவேன். காது மட்டும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அது மெஷின் சத்தத்தால். மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. பயப்படாதே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்.

பவானிக்கரை:

அம்மணி, நான் ஒரு மசாலா ஏற்றுமதி ஆய்வகத்தில் 26 வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். வாசம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, தலைவலியைவிட எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

டொலுயீன் காற்றில் இரண்டு மூன்று பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு, இருந்தாலே புது மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தக் காற்றிலேயே இருந்தால் மூக்கு சோர்ந்துபோய்ச் சொல்வதை நிறுத்திவிடும். காற்று அப்படியேதான் இருக்கும். உங்கள் அறையையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி என்றால் ஆயிரம் கன அடி, சுமார் 28 கன மீட்டர். கதவு சாத்தியிருக்கும்போது ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. டொலுயீன் முழுக்க ஆவியானால் அந்த அறைக் காற்றில் 40 பி.பி.எம். வந்துவிடும். அமெரிக்காவின் தொழில் சுகாதார வல்லுநர்கள் எட்டு மணி நேர வேலைக்குச் சொல்லும் அளவு 20 தான். முன்பு 50 என்று இருந்ததைக் குறைத்து 20 ஆக்கினார்கள். 100 மி.லி. கொட்டிப்போய், துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அறையிலேயே போட்டுவிட்டால் 800 பி.பி.எம். வரைக்கும் ஏறும். 500 தாண்டினாலே உடனே வெளியேற வேண்டிய அளவு என்று வைத்திருக்கிறார்கள். எட்டு குடுவை கழுவி, வடிகட்டி, மீதியைத் திறந்த பீக்கரில் வைத்தால் ஒரு நாளில் எத்தனை டீஸ்பூன் ஆவியாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏ.சி. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுமே தவிர ஒரு சொட்டு ஆவியையும் வெளியே தள்ளாது.

தலைவலி, தள்ளாட்டம், ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுவது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. டொலுயீன் கொழுப்பில் கரையும், அதனால் ரத்தத்திலிருந்து நேராக மூளைக்குப் போகும். கொஞ்சம் போனால் தலைவலி, அசதி. அதிகம் போனால் குடித்தவர் மாதிரி தடுமாற்றம். வருஷக்கணக்கில் போனால் ஞாபகம் குறையும், கை நடுங்கும். திருப்பூர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. பால் வயிற்றுக்குத்தான் போகும், மூச்சில் உள்ளே போன ஆவியை அது ஒன்றும் செய்யாது. அப்புறம், உங்கள் காது மந்தத்துக்கு மெஷினை மட்டும் குறை சொல்ல முடியாது. டொலுயீன் உள்காதில் ஒலியை வாங்கும் நுண்செல்களையே கெடுக்கும். சத்தமும் டொலுயீனும் சேர்ந்தால், சத்தம் மட்டும் செய்கிற கெடுதலைவிட அதிகம். தயவுசெய்து ஒரு காது டாக்டரைப் பாருங்கள், பார்க்கும்போது தின்னரையும் சொல்லுங்கள்.

பென்சீனையும் இதையும் ஒன்றாக நினைத்துச் சிலர் புற்றுநோய் என்று பயமுறுத்துவார்கள். பென்சீன் புற்றுநோய் வரவைக்கும் என்பது உறுதியானது. டொலுயீன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மட்டமான கமர்ஷியல் டொலுயீனில் கொஞ்சம் பென்சீன் கலந்திருக்கும், அதனால் ஆய்வகத் தரம் எழுதின பாட்டில் மட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

இனி ஓவன். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவசாயியின் காசு இருக்கிறது. மஞ்சளில் தண்ணீர் மட்டும் இல்லை, நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு வாசனை எண்ணெயும் இருக்கிறது. 105 டிகிரி ஓவனில் வைத்தால் தண்ணீரோடு அந்த எண்ணெயிலும் ஒரு பகுதி கிளம்பிப் போய்விடும். தராசுக்கு எது போனது என்று தெரியாது, குறைந்த எடை மொத்தத்தையும் ஈரம் என்றே காட்டும். உண்மையில் 11 சதவீதம் இருக்கிற விரலி 12-க்கு மேல் வந்து நிற்கும். முழு மஞ்சளுக்கு 12, பொடிக்கு 10 என்பது உணவுப் பாதுகாப்பு விதி. களத்தில் பத்துப் பதினைந்து நாள் கிளறிக் கிளறிக் காயவைத்த மனுஷனின் சரக்கு, நம் ஓவன் செய்கிற தப்பால் திரும்பி வரும். எண்ணெய் நிறைந்த நல்ல மஞ்சளுக்குத்தான் இந்தத் தண்டனை அதிகம்.

டொலுயீன் அந்த எண்ணெயைத் தன்னிலேயே கரைத்து வைத்துக்கொள்ளும், தண்ணீரை மட்டும் தனியாகக் கொண்டுவந்து கொடுக்கும். தனியாக அது 110.6 டிகிரியில் கொதிக்கும், தண்ணீரோடு சேர்ந்தால் 85 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். இரண்டும் ஆவியாக ஏறி, தண்ணீர் ஓடிக் குளிரவைக்கிற கண்ணாடிக் குழாயான கண்டன்சரில் குளிர்ந்து, அளவுக் குழாயில் விழும். டொலுயீன் ஒரு மி.லி. 0.87 கிராம்தான், தண்ணீரைவிட லேசு, தண்ணீரோடு கலக்கவும் செய்யாது. அதனால் தண்ணீர் அடியில் தங்கும், டொலுயீன் மேலே வழிந்து குடுவைக்கே திரும்பும். டீனும் ஸ்டார்க்கும் 1920-ல் பெட்ரோலியத்தில் இருக்கும் தண்ணீரை அளக்கச் செய்த கருவி இது. அடியில் 4.4 மி.லி. நின்றால், 40 கிராமுக்கு 11 சதவீதம். பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாகக் கண்டன்சர் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், கடைசியில் மேலிருந்து கொஞ்சம் டொலுயீன் விட்டு அதைக் கீழே இறக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை, அதனால் எழுதிவிட்டேன். முறையை விடாதீர்கள், அறையை மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது தீ. டொலுயீனின் தீப்பிடி நிலை, அதாவது பற்றக்கூடிய அளவுக்கு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பம், 4 டிகிரி. ஈரோட்டில் அந்தக் குளிரை யாரும் பார்த்ததில்லை. வருஷத்தில் எந்த நாள் திறந்தாலும் பாட்டில் வாயில் பற்றக்கூடிய ஆவி நிற்கிறது என்று அர்த்தம். மண்ணெண்ணெய்க்கு அது 35-க்கு மேல். காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், மேலே போகாது. தண்ணீர் மாதிரி மேஜையிலிருந்து வழிந்து, தரையோடு தரையாக, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கும் போகும்.

1997 மே மாசம் இதை நான் கண்ணால் பார்த்தேன். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். இரண்டு செட் கொதித்துக்கொண்டிருந்தது. கண்டன்சருக்குத் தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும். அன்றைக்குத் தொட்டி காலி, யாரும் கவனிக்கவில்லை. நான் பக்கத்து மேஜையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கண்டன்சர் காய்ந்துபோய், மேல் வாய் வழியாக ஆவி வந்துகொண்டே இருந்திருக்கிறது. கோடை வெயிலில் ரோட்டுக்கு மேல் காற்று நெளியுமே, அப்படி அந்தக் கண்ணாடி வாயைச் சுற்றி நெளிந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் மனசில் பதியவில்லை. வாசமும் தெரியவில்லை, என் மூக்கும் பழகின மூக்குதான். அடுத்த அறையில் உதவியாளர் அம்மா டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். தீ அங்கிருந்து தரை வழியாக எங்கள் மேஜைக்கு ஓடி வந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. குடுவை பக்கம் மஞ்சள் தீ, அதிலிருந்து கெட்டியான கரும்புகை, கரித்துகள் பறந்து வெள்ளைச் சுவரெல்லாம் ஒட்டியது. ஒருவர் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் கத்தித் தடுத்தேன். எரிகிற டொலுயீன் தண்ணீர் மேல் மிதந்து அறை முழுக்கப் பரவியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு, பவுடர் சிலிண்டரும் மணல் வாளியுமாக அணைத்தோம். அந்த அம்மாவுக்கு இரண்டு கணுக்காலிலும் தீக்காயம், ஆறு வாரம் கட்டு. தொட்டியைப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. இன்றைக்கும் அவரை எங்காவது பார்த்தால் என் கண் முதலில் கால் பக்கம்தான் போகும்.

அதனால் கொதிக்கும்போது கண்டன்சரிலிருந்து வெளியே வரும் தண்ணீரைக் கால் மணிக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். அப்போது ஒரு பெரிய வாளியில் ஐஸ் போட்டு மீன் தொட்டி மோட்டார் வைத்துச் சுற்றவிடலாம், நாங்கள் பின்னால் அப்படித்தான் செய்தோம். மோட்டார் வாளி குடுவையிலிருந்து எட்டியே இருக்கட்டும். சீராகக் கொதிக்கப் போடுகிற பீங்கான் துண்டை மறந்துவிட்டால் சூட்டோடு போடாதீர்கள், குபீரென்று பொங்கி வெளியே வரும். ஆறவைத்துப் போடுங்கள். கேனிலிருந்து பிளாஸ்டிக் மக்கில் வேகமாக ஊற்றினால் நிலைமின் பொறி வரும், பொறுமையாக ஊற்றுங்கள். முடிந்த டொலுயீனை சிங்கில் ஊற்றாதீர்கள். சாக்கடைக்குள் ஆவி நின்றால் அங்கேயே வெடிக்கும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஓடை வழியாகக் காவிரிக்குப் போகும். மூடி போட்ட கேனில் சேர்த்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

துணி மாஸ்க் தூசிக்கு. ஆவிக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், அதுவும் ஃபியூம் ஹூட் வரும் வரைக்கும்தான்.

ஸ்லைடு அக்கா:

கையுறை பற்றி நான் சொல்கிறேன். கோவையில் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். எங்களுக்கு டொலுயீன் இல்லை, அதன் தம்பி சைலீன். டொலுயீனில் பென்சீன் வளையத்தோடு ஒரு மெத்தில், சைலீனில் இரண்டு. திசு ஸ்லைடைத் தெளியவைக்கத் தினமும் அதில்தான் கை.

சாதாரண ரப்பர் கையுறை இதற்கு ஆகவே ஆகாது. நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பரில் செய்த நீலக் கையுறை நல்லது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் விரல் நுனி மட்டும் சைலீனில் பட்டது. கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், அந்த விரல் மட்டும் உப்பி, மற்ற விரல்களைவிட நீளமாகி, தொட்டால் வழவழவென்று இருந்தது. உள்ளே என் விரலிலும் அதே வாசம். மெல்லிய நைட்ரைல் சில நிமிஷம்தான் தாங்கும், பட்டவுடனே கழற்றி மாற்றவேண்டும். ரொம்ப நேரம் கையாள 'விட்டான்' (Viton) என்கிற வேறு வகை ரப்பரில் கையுறை இருக்கிறது, விலை அதிகம். ஆபீஸில் கேளுங்கள், கேட்காமல் யாரும் வாங்கித் தர மாட்டார்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தேங்காய் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். இது தோலின் எண்ணெயை உறிஞ்சி வெடிக்கவைத்துவிடும்.

கோபிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஐயா எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதலில் எழுதக் கூச்சப்பட்டு ஒன்றை விட்டுவிட்டேன். எனக்கு இப்போது இரண்டு மாசம். வீட்டில் அத்தைக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆய்வகத்தில் சொல்லவில்லை. சீசன் நேரத்தில் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம். இந்த ஆவி குழந்தைக்கு ஏதாவது செய்யுமா?

பவானிக்கரை:

அம்மணி, நாளையிலிருந்து அந்தக் குடுவையைத் தொடாதீர்கள். அறைக்குள்ளும் போகாதீர்கள். ஹூட் வரட்டும், மாஸ்க் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டொலுயீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். போதைக்காக இதை முகர்ந்துகொண்டே இருந்த தாய்மார்களுக்கு எடை குறைந்த, தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் இழுத்தது பல ஆயிரம் பி.பி.எம். உங்கள் அறையில் அந்த அளவு கிடையாது, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யலாம் என்று சந்தேகம் உண்டு என்ற எச்சரிக்கை டொலுயீன் பாட்டிலுக்கான விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் பாட்டிலோடு வந்த பாதுகாப்புத் தாளில் தேடிப் பாருங்கள், இருக்கும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். "கெமிக்கல் வேலை" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் புரியாது. டொலுயீன், ஏழு மாசமாக இந்த வேலை, மூடின அறை, தலைவலி என்று சொல்லுங்கள்.

ஒரு ஆறுதல். இது உடம்பில் தேங்கிக் கிடக்கிற பொருள் இல்லை. கல்லீரல் இதை பென்சோயிக் அமிலமாக்கி, கிளைசின் என்கிற அமினோ அமிலத்தோடு சேர்த்து, ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடும். விலகி இருந்தால் ஓரிரு நாளில் பெரும்பகுதி போய்விடும்.

முதலாளியிடம் சொல்லப் பயப்படாதீர்கள். வேலையை விடுகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை, வேலையை மாற்றிக் கொடுங்கள் என்று கேளுங்கள். மஞ்சளுக்குக் குர்குமின், அதாவது அதன் நிறப்பொருள், அளவும் பார்ப்பீர்கள்தானே? ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிற ஸ்பெக்ட்ரோவில் 425 நானோமீட்டரில் அளவு எடுப்பது, கணக்கு எழுதுவது, சாம்பிள் வாங்குவது எல்லாம் அந்த அறைக்கு வெளியே நடக்கிற வேலை. சாறு இறக்க எத்தனால் கொதிக்கவைப்பதைக்கூட மற்றவர் செய்யட்டும். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். உங்களுக்காக மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம், அந்த அண்ணனும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

பனியன் ஊர்:

தங்கச்சி, நான் சொன்னதைக் கேட்டு அங்கேயே இருந்துவிடாதே. ஐயா சொல்கிறபடி செய். நானும் சனிக்கிழமை காது டாக்டருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

கோபிக்காரி:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அவரோடு போய் முதலாளியிடம் பேசினேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன், அவர் டீஸ்பூன் கணக்கை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். இப்போது நான் முன்னறையில் சாம்பிள் வாங்கி, எடை போட்டு, குர்குமின் அளவு எடுக்கிறேன். டீன் ஸ்டார்க்கைப் பின்பக்கத் தாழ்வாரத்தை ஒட்டின அறைக்கு மாற்றிவிட்டார்கள். டீ அடுப்பு அங்கிருந்து தெருப் பக்கம் போய்விட்டது. ஹூட்டுக்கு கோவையிலிருந்து ஆள் வந்து அளவு எடுத்துப் போயிருக்கிறார். டாக்டரம்மா ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது, தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். தலைவலி மூன்றாவது நாளே நின்றுவிட்டது.

நேற்று பழைய ரிஜிஸ்டர் ஒன்றைக் கேட்டு வாங்கப் பின்னறைப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. வாசல் படியில் நிற்கும்போதே அந்தப் பெயின்ட் கடை வாசம் முதல் நாள் மாதிரி குப்பென்று அடித்தது. அண்ணனைக் கூப்பிட்டு, "வாசம் வருதாண்ணா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றார். அப்படியே அவரை வெளியே வரச் சொல்லிக் கதவை அகலத் திறந்து வைத்தேன்.